பதினான்கு தலைகளும் என் ஸ்பொஞ்சும்

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியுமா என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். நனைந்த பலகையால் இன்னொரு நனைந்த பலகையில் ஓங்கி அடித்தால் கிட்டத்தட்ட அந்தச் சத்தம் வரும். ஆனால் பலகைக்குள் ஆள் இருக்க மாட்டான்.

டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தின் ஓரத்தில் ஒரு புல்வெளி. நாற்பது வருஷத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மேற்குக் கடலிலிருந்து வருகிற காற்றை மறிக்க அங்கே ஒரு மதில்கூட இல்லை. மரங்களே கிழக்குப் பக்கமாகச் சாய்ந்துதான் வளரும். நான் கயிற்றுக்கு வெளியே, கோட்டுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நிற்கிறேன்.  

உள்ளே அமெரிக்க ஃபுட்பால் நடக்கிறது. காலால் உதைக்கிற பந்து அல்ல. உரிக்காத தேங்காய் மாதிரி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் ஓடுகிறவனை விழுத்துகிற விளையாட்டு. எங்கள் பக்கத்தில் ஆடுகிறவர்களும் மாற்று ஆட்களுமாகப் பதினான்கு பேர். பதினான்கு பேருடைய ஹெல்மெட்டுக்குள்ளும் இருப்பது நான் வெட்டி, ஒட்டி, தைத்த ஸ்பொஞ்ச்.

அந்த ஸ்பொஞ்ச் ஒரு தலையையும் காப்பாற்றாது. எனக்கு அது வெள்ளிக்கிழமையே தெரியும். பதினான்கு தலைகளில் ஒன்று ஜெகனுடையது. ஜெகன் என் மனைவி ராணியின் ஒரே தம்பி.

சீற் என்றால் என் சீற்

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் முதல் பனிக்காலத்தைப் பற்றி எழுதியதற்குச் சிலர் ஃபோன் எடுத்துப் பாராட்டினார்கள். பாராட்டு எனக்குப் புதிது அல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுகிற தமிழில் பத்திரிகை ஆசிரியர் அங்கங்கே கமா மட்டும்தான் போடுகிறாராம். அதை அவரே என்னிடம் சொன்னார்.

நான் குஷன்காரன், இருக்கைகளுக்கு மெத்தை தைக்கிறவன். சுன்னாகத்தில் என் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஓடிய தனியார் பஸ்களில் பாதி என் கையால் சீற் அடித்தவை. கொழும்புக்கு ஓடுகிற பஸ் முதலாளி ஒருவர் வவுனியாவிலிருந்து கூட ஆள் அனுப்புவார். எனக்கு அளவு நாடா தேவையில்லை. பலகையை ஒரு தரம் கையால் தடவினால் போதும், எத்தனை அங்குலம் ஸ்பொஞ்ச், எவ்வளவு ரெக்சின் என்று வாய் சொல்லிவிடும்.

எங்கள் தொழிலில் சோதனை ஒன்றே ஒன்றுதான். வேலை முடிந்ததும் வாடிக்கையாளரை மூன்று தரம் இருத்தி எழுப்புவேன். முதல் தரம் அவர் முகத்தைப் பார்ப்பேன். முகம் மலர்ந்தால் சீற் சரி. கடினமாக இருக்கிற சீற் பழைய சீற், மெத்தென்று இருக்கிற சீற் நல்ல சீற். இருபது வருஷம் இதை நம்பியவன் நான்.

இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. ஓட்டுநருக்கு நல்ல சீற் அடித்துக் கொடுத்தால் அவர் ரோட்டில் குழி பார்க்க மாட்டார். முந்தி குழியைக் கண்டதும் பிரேக் போட்டவர், என் சீற்றில் ஏறிய பிறகு அதே குழிக்குள் விட்டுத் தூக்கி எடுப்பார். அவருக்கு நோகாது. பின்னால் இருக்கிற சனம்தான் கூரையில் தலையை இடிக்கும். கீரிமலை ரோட்டில் பஸ் ஓட்டிய ஒருவரை ஒரு கிழவி இறங்கும்போது கேட்டாவாம், "தம்பி, உமக்குக் கீழ மட்டும் வேற ரோட்டோ?" என்று. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நான் சிரித்திருக்கிறேன். அதிலிருந்து ஒன்றையும் படிக்கவில்லை.

டென்மார்க்குக்கு வந்து மொழி வகுப்பில் உட்காருகிற காலத்திலேயே எனக்கு வேலை கிடைத்தது. கூட வந்த பட்டதாரிகள் கிடைக்காமல் அலைந்தார்கள். எனக்கு எப்படிக் கிடைத்தது? கதிரையும் சோஃபாவும் செய்கிற சின்னப் பட்டறை ஒன்றின் வாசலில் போய் நின்றேன். உள்ளே பழுதாய்க் கிடந்த ஒரு கதிரையைக் கையால் காட்டினேன். ஊசியை வாங்கினேன். முக்கால் மணித்தியாலத்தில் முடித்துக் கொடுத்தேன். மேஸ்திரி ஹென்னிங் வெள்ளைத் தாடிக்காரர், அதிகம் பேசாதவர். அந்தக் கதிரையில் ஒரு தரம் உட்கார்ந்தார். எழும்பி எனக்கு ஒரு வேலை மேலங்கி தந்தார். என்னுடைய நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான்.

தேங்காய்ப் பந்தும் பழைய தொப்பிகளும்

ஜெகன் அப்போது இருபத்திரண்டு வயது ஆள். பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அங்கே அவனோடு ஒரே மேசையில் எலும்பு எடுக்கிறவன் லார்ஸ் என்கிற டெனிஷ் பெடியன். லார்ஸ் பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருஷம் அமெரிக்காவில் ஒரு குடும்பத்தோடு இருந்துவிட்டு வந்தவன். வரும்போது அந்தப் பந்தையும் பைத்தியத்தையும் கொண்டு வந்தான். அந்த நாளில் டென்மார்க்கில் அந்த விளையாட்டை அறிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். லார்ஸ் தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரையும் சேர்த்தான். ஜெகன் நன்றாக ஓடுவான் என்று அவனையும் இழுத்தான்.

முதலில் அவர்களிடம் ஹெல்மெட் இல்லை. வெறுந்தலையோடு பழகினார்கள். ராணி பயப்படுகிறாளே என்று நானும் இரண்டு மூன்று தரம் போய்ப் பார்த்தேன். பயப்பட ஒன்றுமில்லை. ஒருவனை ஒருவன் இடுப்பில் பிடிப்பான், தோளில் தொங்குவான், காலைக் கட்டுவான். தலைக்கு ஏதாவது வருகிறது என்றால் எல்லோரும் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். நாங்கள் சின்ன வயதில் கிளித்தட்டு விளையாட்டில் ஆளை மறித்த மாதிரித்தான்.

பிறகு லார்ஸ் இருந்த அமெரிக்கப் பள்ளிக்கூடத்திலிருந்து கழித்துவிட்ட ஹெல்மெட்டுகள் எஸ்பியர்க் துறைமுகத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் வந்து இறங்கின. வெளி ஓடு நல்ல பிளாஸ்டிக். முன்னுக்கு இரும்புக் கம்பி. உள்ளே வைத்திருந்த கறுப்புத் தட்டைகள் மட்டும் பழுது. சிலது உதிர்ந்துபோயிருந்தது, சிலது கல்லாக இருந்தது. போட்டுப் பார்த்த பெடியன்களுக்கு நெற்றியில் தழும்பு.

ஜெகன் அவர்களிடம் சொல்லிவிட்டான், தன் அத்தானைப் போல் ஒரு குஷன்காரன் ஐரோப்பாவிலேயே இல்லை என்று. இதை லார்ஸ் என்னிடம் வந்து சொன்னபோது நான் மறுக்கவில்லை. உண்மையை மறுப்பானேன்?

ஹென்னிங்கின் பட்டறையில் வேலை முடிந்த பிறகு எனக்கென்று ஒரு மூலை உண்டு. அங்கே ஒரு வாரம் மாலை மாலையாக இருந்தேன். கறுப்புத் தட்டைகளை எல்லாம் பிடுங்கினேன். உதிராமல் கல்லாக இருந்தவற்றையும் பிடுங்கினேன். விரலால் அமுக்கினால் அசையாத பொருளை ஒரு மனிதனின் தலைக்கு எவன் வைப்பான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டே பிடுங்கினேன். குப்பையில் போட்டேன். பணக்கார வீட்டு சோஃபாவுக்கு வைக்கிற முதல்தர ஸ்பொஞ்சை எடுத்து, தலை வளைவுக்கு வெட்டி, ஒட்டி, மேலே மெல்லிய நீல ரெக்சினால் தைத்தேன். தையல் ஒன்றும் வெளியே தெரியாது. அந்தத் தையலை இன்றைக்குப் பார்த்தாலும் நான் வெட்கப்பட மாட்டேன்.

கொடுத்த அன்று பதினான்கு பேரையும் வரிசையாக நிறுத்தி நானே ஒவ்வொருவருக்கும் தலையில் போட்டுவிட்டேன். என் வழக்கப்படி முகத்தைப் பார்த்தேன். பதினான்கு முகமும் மலர்ந்தது. ஒருவன் அப்படியே புல்லில் விழுந்து நித்திரை கொள்கிற மாதிரி நடித்தான். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் என்னை நடுவில் விட்டுப் படம் எடுத்தான். நாங்கள் ஞாயிறுதோறும் ஜெபத்துக்குப் போகிற சபைக்காரர்கள் அந்தப் படத்தை வெட்டி ஃப்ரேம் போட்டுத் தந்தார்கள்.

கிடாய்கள்

அடுத்த வாரம் பயிற்சிக்குப் போன நான் பார்த்ததை நம்பவில்லை.

இடுப்பில் பிடிக்கிறது இல்லை. தோளில் தொங்குகிறது இல்லை. தலையைக் குனிந்து, கழுத்தை உள்ளே இழுத்து, வேள்விக் கிடாய் மாதிரி ஓடிவந்து தலையாலேயே இடிக்கிறான்கள். அதே பெடியன்கள்தான். முந்தி தலையைத் திருப்பியவன் இப்போது தலையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். இடித்துவிட்டுச் சிரிக்கிறான். மெத்தென்று இருக்கிறதாம்.

எல்லோரிலும் மோசம் ஜெகன். வீட்டில் அவன் சூடான தேத்தண்ணிக் கோப்பையைக்கூட இரண்டு கையால் தூக்குகிறவன். சைக்கிளில் போனால் ஆளில்லாத சந்தியிலும் இறங்கி நிற்பான். அந்த ஹெல்மெட் ஏறியதும் அவனுக்குள் வேறு ஒருவன் வந்துவிட்டான். தன்னைவிட இரண்டு பங்கு பெரிய டெனிஷ்காரனைத் தேடிப் போய் இடித்தான். அவர்கள் அவனுக்கு மாடு என்று பட்டம் வைத்தார்கள். அவனுக்கு அது பெருமை.

ராணி அவனை ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பிடித்துக்கொண்டாள். அவன் நெற்றியில் சிவந்திருந்தது. இப்படித் தலையைக் கொண்டுபோய் இடிக்கத்தான் அம்மா உன்னை என்னட்ட அனுப்பினவவோ என்று கேட்டாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி என்னைக் கண்ணால் காட்டினான்.

"அக்கா, உள்ளுக்க இருக்கிறது அத்தான்ர தலையணை. தலையணையில படுக்கிறவனுக்குத் தலை உடையுமோ?"

நான் சிரித்தேன். பெருமையாகவும் இருந்தது. எனக்கு அன்று நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடறியது என்று எழுதினால் அது பொய். இடறவில்லை.

ஹென்னிங்கின் கட்டைவிரல்

வெள்ளிக்கிழமை ஒரு ஹெல்மெட் என் மூலையில் கிடந்தது. பட்டி அறுந்ததென்று தைக்கக் கொண்டு வந்திருந்தார்கள். ஹென்னிங் அதைக் கையில் எடுத்தார். வாலிப வயதில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடியவர். அதில் ஒரு நண்பனைப் புதைத்தவர். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

உள்ளே கட்டைவிரலை வைத்து அமுக்கினார். விரல் ஸ்பொஞ்சுக்குள் போய்ப் பிளாஸ்டிக்கில் முட்டி நின்றது. இன்னொரு இடத்தில் அமுக்கினார். அங்கேயும் முட்டியது. என் கையைப் பிடித்து என் விரலையும் அதே இடத்தில் வைத்து அமுக்கினார். பிறகு, எனக்கு விளங்குகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"இது உட்காருகிற பின்பக்கத்துக்கு. தலைக்கு இல்லை."

பழைய கறுப்புத் தட்டை எங்கே என்று கேட்டார். குப்பையில் என்றேன்.  ஒரு கடதாசியில் கீறிக் காட்டினார். அடி விழும்போது மெத்தென்ற ஸ்பொஞ்ச் ஒரே நொடியில் சப்பையாகிவிடும், பிறகு மிஞ்சுவது பிளாஸ்டிக் ஓடும் தலையும்தான். கடினமானது அப்படியல்ல, மெல்ல மெல்ல நசுங்கி அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். நான் கல் என்று எறிந்ததுதான் மருந்து. நான் வைத்தது வெறும் சுகம். அந்தச் சுகத்தை நம்பித்தான் பதினான்கு பேரும் தலையைக் குனிந்து ஓடுகிறார்கள்.

அவர்களிடம் சொல்லிவிடு என்றார் ஹென்னிங். ஓம் என்று தலையாட்டினேன்.

சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நானே பல காரணம் வைத்திருந்தேன். எங்களுக்கு நிரந்தர விசா இன்னும் வரவில்லை, பொலிஸ் கிலிஸ் என்று வந்தால் எங்கள் எல்லோருடைய விசாவும் போய்விடும். இதையெல்லாம் விளக்க என்னிடம் டெனிஷ் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியட்டும், திங்கட்கிழமை எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக் கடினமானதாக மாற்றிவிடலாம், ஒருத்தருக்கும் தெரியவும் வராது. எல்லாம் ஓரளவு உண்மை. ஆனால் சுவரில் ஃப்ரேமுக்குள் இருந்த அந்தப் படம்தான் முதல் காரணம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்து நின்றவை.

சனிக்கிழமை முழுக்க வீட்டுக்குள் நடந்தேன்.  ராணி காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் ஜெகனின் அறைக்குப் போனேன். அவன் கட்டிலில் இருந்து சப்பாத்துக்கு நாடா கோர்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்குப் போகாதை," என்றேன்.

"ஏன் அத்தான்?"

என் வாயில் ஸ்பொஞ்ச் என்ற சொல் வந்தது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.

"அக்கா கனவு கண்டவ. நல்ல கனவில்லை."

அவன் சிரித்தான். "அக்கா எப்ப அத்தான் நல்ல கனவு கண்டவ? போன மாசம் நான் கடலுக்க தாழுறன் எண்டு கண்டவ. ஹொல்ஸ்டெப்ரோவில கடலை எங்க தேடுறது?"

"பகிடியை விடு. நான் சொல்லுறன், போகாதை."

"எஸ்பியர்க்கில இருந்து பெரிய பெரிய ஆக்கள் வாறாங்கள். லார்ஸ் என்னை நம்பித்தான் இருக்கிறான்." நாடாவை இழுத்துக் கட்டினான். "நீங்கள் தைச்ச ஹெல்மெட் இருக்கேக்க எனக்கென்ன பயம்?"

நான் எழும்பி வெளியே வந்தேன். கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

கயிற்றைத் தாண்டியது

ஞாயிறு காலை ராணி சபைக்குப் போனாள். எனக்குப் பட்டறையில் அவசர வேலை என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போனேன். எஸ்பியர்க் பெடியன்கள் ஒரு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற உடம்புகள். அவர்களுடைய ஹெல்மெட் புதியது. ஒருவன் கழற்றிப் புல்லில் வைத்திருந்ததை, யாரும் பார்க்காத நேரத்தில் குனிந்து உள்ளே அமுக்கிப் பார்த்தேன். விரல் போகவில்லை.

ஆட்டம் தொடங்கியது. ஒவ்வொரு இடிக்கும் நான் தலைகளை எண்ணினேன். விழுந்தவன் எழும்புகிறானா என்று பார்ப்பேன். எழும்பினால் மூச்சு விடுவேன். அடுத்த இடி. பாதி ஆட்டத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பாதி வந்தது. லார்ஸிடம் இரண்டு அடி போனேன். அவன் என்னைக் கண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நான் திரும்பி வந்துவிட்டேன். எவ்வளவு வெயில் இருந்தது, எவ்வளவு சனம் இருந்தது என்று கேட்டால் தெரியாது. 

இரண்டாம் பாதியில் பந்து ஜெகனிடம் வந்தது. ஓரமாக ஓடியிருந்தால் தப்பியிருப்பான், வழி இருந்தது. அவன் தலையைக் குனிந்து நேரே போனான். எதிரே வந்தவனும் குனிந்தான்.

முதல் பந்தியில் எழுதிய சத்தம் அதுதான்.

ஜெகன் விழுந்தான். எழும்பினான். சனம் கைதட்டியது. புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டு நிதானமாக நடந்து போய் எஸ்பியர்க்காரரின் வரிசையில் நின்றான். எல்லோரும் சிரித்தார்கள், மாடு பகிடி விடுகிறது என்று. லார்ஸ் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கயிற்றோரம் வந்தான். எனக்கு நாலு அடி தள்ளி நின்றார்கள். எப்படி இருக்கிறது என்று லார்ஸ் டெனிஷில் கேட்டான்.

ஜெகன் அவனுக்கு மிகவும் மரியாதையாகத் தமிழில் பதில் சொன்னான்.

"அண்ணை, சுன்னாகம் பஸ் வெளிக்கிட்டிட்டுதோ?"

விளையாடும்போது ஜெகன் தமிழில் ஏதாவது முணுமுணுக்கிறது வழக்கம். லார்ஸுக்கு அதில் வித்தியாசம் தெரியவில்லை. ஹெல்மெட்டில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே போ என்று முதுகில் தள்ளினான். ஜெகனும் போகத் திரும்பினான்.

அந்த மைதானத்தில் எத்தனை பேர் நின்றார்களோ தெரியாது. அவன் சொன்னது விளங்கிய ஆள் நான் ஒருவன்.

கயிற்றைத் தாண்டினேனா, அறுத்துக்கொண்டு போனேனா என்று நினைவில்லை. கோட்டோடும் சப்பாத்தோடும் ஓடி, அவனை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். விசில் ஊதினார்கள். யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். நான் விடவில்லை. ஹெல்மெட்டின் பட்டியைக் கழற்றினேன். ஜெகன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். ஒரு கண்ணின் கறுப்பு மற்றதைவிடப் பெரிதாக இருந்தது.

"அத்தான், கொழும்பில இருந்து எப்ப வந்தனீங்கள்?"

எனக்குத் தெரிந்த டெனிஷ் எல்லாம் நாலு சொல்லாகச் சுருங்கிவிட்டது. நிறுத்து, இல்லை, என் பிழை. அதையே சொன்னேன், திருப்பித் திருப்பிச் சொன்னேன். லார்ஸுக்குக் கோபம். சொந்தக்காரன் பயந்துவிட்டான் என்று நினைத்தான். நான் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, அவன் கட்டைவிரலைப் பிடித்து உள்ளே அமுக்கினேன். முட்டிய இடத்தில் அவன் முகம் மாறியது. தன்னுடையதைக் கழற்றி அமுக்கிப் பார்த்தான். பக்கத்தில் நின்றவன் அவனுடையதைக் கழற்றினான். ஒவ்வொருவராகக் கழற்றி, ஒவ்வொருவராக உள்ளே விரலை விட்டார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் நானே

லார்ஸின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் ஜெகன் நாலு தரம், கொழும்பில இருந்து எப்ப வந்தனீங்கள் என்று கேட்டான். நாலு தரமும் பதில் சொன்னேன்.

அங்கே தமிழ் தெரிந்தவர் யார்? நான்தான். டொக்டர் அம்மா கேட்பதை ஜெகனுக்குத் தமிழில் சொல்லி, அவன் சொல்வதை எனக்குத் தெரிந்த டெனிஷில் திருப்பிச் சொல்ல வேண்டும். இப்போது எந்த ஊரில் இருக்கிறீர் என்று கேட்டார். சுன்னாகம் என்றான் ஜெகன்.

ஹொல்ஸ்டெப்ரோ என்று நான் சொல்லியிருந்தால் அந்த அறையில் ஒருவருக்கும் தெரிந்திராது. நாக்கு அந்தப் பக்கம் ஒரு தரம் போனது உண்மை. சுன்னாகம் என்றே சொன்னேன். அது டென்மார்க்கிலா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு மணியை அடித்தார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

ராணி சபையிலிருந்து நேரே வந்தாள், கையில் வேதப்புத்தகத்தோடு. லார்ஸ் அவளுக்கு நடந்ததைக் கையாலும் காலாலும் சொன்னான். நான் ஓடியதை நடித்தே காட்டினான். அவள் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அந்த ஸ்பொஞ்ச் பிழையெண்டு உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?"

"அவன் விழுந்த பிறகுதான்," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேலையெண்டு போன உங்களைக் கர்த்தர்தான் அங்க கொண்டுபோய் நிப்பாட்டினவர்."

அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

சொல்லாமல் வைத்திருந்தது

ஜெகன் பிழைத்தான். மூன்றாம் நாள் தன் பெயரையும் ஊரையும் டெனிஷில் சொன்னான். ஒரு வருஷத்துக்கு மேல் தலையிடி இருந்தது. அந்த விளையாட்டுக்கு அவன் திரும்பவில்லை. புது ஹெல்மெட்டுகள் வரும்வரை லார்ஸும் மற்றவர்களும் வெறுந்தலையோடு பழகினார்கள். திரும்பவும் இடுப்பில் பிடித்தார்களாம், தலையைத் திருப்பிக்கொண்டார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை. ஃப்ரேம் போட்ட படத்தைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். என் தன்னடக்கம் என்று ராணி நினைத்தாள்.

அந்த ஆட்டத்தைப் பற்றி ஜெகனுக்கு ஒன்றும் நினைவில்லை. ஆட்டம் மட்டுமல்ல, அதற்கு முன் இரண்டு நாளும் போய்விட்டது என்று டொக்டர் சொன்னார். சனிக்கிழமை நான் அவன் கட்டிலடியில் நின்று சொன்ன கனவும் அதோடு போய்விட்டது. அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நிம்மதியாக இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் எழுதியதிலேயே எழுதக் கூசிய வசனம் இதுதான்.

பிறகு நான் ஹென்னிங்கிடமிருந்து விலகிச் சொந்தப் பட்டறை போட்டதும், நாலு மெஷின் ஓட்டியதும், இரண்டு டெனிஷ்காரருக்கு வேலை கொடுத்ததும் உங்களுக்கு முந்திய வாரங்களில் சொன்ன கதை. மோட்டார் சைக்கிளுக்குச் சீற் தைத்தேன், ஆனால் எந்தப் பாதுகாப்புச் சாமானையும் நான் பிறகு தொடவில்லை. கேட்டு வந்தவர்களிடம் நேரமில்லை என்றேன். ஹென்னிங் காலமாகிவிட்டார். வெள்ளிக்கிழமையை அறிந்த மற்ற ஆள் அவர்தான். அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஜெகன் ஒடென்சேக்குப் போய் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தான். கலியாணம் கட்டினான், மூன்று பிள்ளைகள். எங்கள் ஆட்களின் எந்தக் கலியாண வீட்டிலும் பிறந்தநாளிலும் அவன் இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. தனக்கு நினைவில்லாத கதையை லார்ஸ் சொன்னபடி சொல்வான். அத்தான் கோட்டோட ஓடிவந்தவர், இருபது வெள்ளைக்காரர் இழுத்தும் விடவில்லை, அத்தான் இல்லாட்டி நான் இல்லை என்பான். பிள்ளைகள் வந்து என் கையைப் பிடிப்பார்கள். இருபது இல்லை முப்பது பேர் என்று நானே ஒரு தரம் திருத்தியிருக்கிறேன்.

இந்தத் தொடரை ஜெகன் வாரா வாரம் வாசிக்கிறான். வாசித்துவிட்டு ஃபோன் எடுத்து, எந்த வருஷத்தைப் பிழையாக எழுதினேன், யாருடைய பெயரை விட்டேன் என்று சொல்வான். ஹெல்மெட் கதையை எப்போது எழுதுவீர்கள் என்று இரண்டு மாதமாகக் கேட்கிறான். அவனுக்குப் பிடித்த கதை அல்லவா?

இவ்வளவையும் எழுதி முடித்து, நேற்று மத்தியானம் முதலில் ராணிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை என்ற இடத்தில் அவள் கை நின்றது. கடைசி வரைக்கும் நிமிரவில்லை. நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். நாற்பது வருஷத்துக்கு ஒரு பதில் வரும்தானே.

"கனவெண்டு சொன்னனீங்கள். அதுவும் என்ர கனவெண்டு," என்றாள்.

ஓம் என்றேன்.

அவள் கீரையைச் சட்டியில் போட்டாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்கு மேலாகச் சொன்னாள்:

"அவன் இதைப் பேப்பரில பாக்கக் கூடாது. பேப்பர் போக முந்தி நீங்கள் போய்ச் சொல்லுங்கோ."

புதன்கிழமை காலை ஒடென்சே ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒரு ஆளுக்கு மட்டும். அவள் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.